கல்யாணப் பாட்டு சாவுப் பாட்டாகும்போது

சவுண்ட்ஸ் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கு எந்த அம்ப்ளிஃபயர் வாங்குவது, வயரை எப்படி இழுப்பது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பாட்டு ஹோர்ன் ஒலிபெருக்கியை விட்டு வெளியே போனபின் அதற்கு என்ன ஆகிறது என்பதை மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதைச் சொல்லித்தர இன்று ஆள் குறைவு.

என் கடை கரவனெல்லப் பக்கம் இருந்தது. கேகாலை, இரத்தினபுரி இரண்டு மாவட்டத்துத் தோட்டங்களிலும் என் ஹோர்ன் தொங்காத மரம் குறைவு. நான் முஸ்லிம் என்பதால் தோட்டத்து ஆட்கள் என்னை 'சவுண்ட்ஸ் நானா' என்பார்கள்; நானா என்றால் அண்ணன். இடையில் கொஞ்சக் காலம் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குப் பிரதேச நிருபராகவும் இருந்தேன். அங்கே முதலில் கற்றுக்கொண்டது, ஒருவர் இறந்தார் என்ற செய்தியை இரண்டு வாயால் கேட்காமல் எழுதக் கூடாது என்பது. அந்தப் பழக்கம் சவுண்ட்ஸ் தொழிலுக்கும் உதவியது.

எங்கள் மார்க்கத்தில் மையத்து வீட்டில், அதாவது சாவு வீட்டில், பாட்டுப் போடும் வழக்கம் இல்லை. அதனால் தோட்டத்து வழக்கத்தை நான் வெளியே நின்றுதான் பார்த்தேன். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் ஒருவர் கண்ணை மூடினால் பெட்டி வருவதற்கு முன்பே சவுண்ட்ஸ் வந்துவிடும். ஹோர்னை உயரமான மரத்தில், எதிர் மலையில் இருக்கும் அடுத்த டிவிஷனைப் பார்த்துக் கட்டச் சொல்வார்கள். பாதரோ பூசாரியோ வரும்வரை, போனவர் இளமையில் விரும்பிக் கேட்ட சினிமாப் பாட்டுகள் ஓடும். பெட்டியைத் தூக்கும்போது பாட்டை நிறுத்துவோம். எதிர் மலையில் இருப்பவர்களுக்கு வேறு அறிவித்தல் தேவையில்லை. பாட்டுத் தொடங்கினால் ஓர் ஆள் போய்விட்டார். பாட்டு நின்றால் பெட்டி கிளம்பிவிட்டது, ஓடினால்தான் முகம் பார்க்கலாம்.

கசெட் காலத்தில் என் அலுமாரியில் இருந்த ஒவ்வொரு கசெட்டின் முதுகிலும் லேபலுக்கு மேல் லேபல் ஒட்டியிருக்கும். அடியில் 'புதுசு'. அதற்கு மேல் 'கல்யாணம்'. அதற்கு மேல் 'பழசு'. அதற்கடுத்த லேபலை நான் எழுதவில்லை. ஆனால் அந்தக் கசெட்டுகள் தாமாகவே சாவு வீட்டுக்கு எடுத்துப்போகும் கீழ்த்தட்டுக்கு இறங்கிவிடும். யாரும் கூடிப் பேசி முடிவு செய்வதில்லை. ஒரு பாட்டைக் கேட்டுக் கல்யாணம் கட்டிய தலைமுறை, வயது போய் ஒவ்வொருவராக விழத் தொடங்குகிறது. முதல் சாவில், போனவருக்குப் பிடிக்கும் என்று அந்தப் பாட்டைப் போடுகிறார்கள். இரண்டாவது சாவில், முதல் சாவில் போட்டதால் போடுகிறார்கள். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளை, அந்தப் பாட்டு பிணத்துக்காகவே செய்யப்பட்டது என்று நினைத்து வளர்கிறது.

இதை நான் முதலில் கவனித்தது கொடகவெலப் பக்கம் ஒரு கல்யாணத்தில். பந்தலில் சின்னப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். நல்ல தாளமுள்ள ஒரு பழைய காதல் பாட்டு அடுத்து வந்தது. பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். ஒரு சிறுமி பாயில் நீட்டிப் படுத்துக் கைகளை நெஞ்சில் கட்டிக் கண்ணை மூடினாள். மற்றவர்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து மாரில் அடித்துக்கொள்ளத் தொடங்கினார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது அந்தப் பாட்டுக்கு உரிய விளையாட்டு. மாப்பிள்ளையின் தாய் ஓடி வந்தார்.

"நானா, மொதல்ல அத நிப்பாட்டுங்க. நல்ல நாளும் அதுவுமா, சாவு வூட்டுப் பாட்டப் போட்டுக்கிட்டு."

"இது காதல் பாட்டுதானே அக்கா."

"உங்க ஊருல காதலா இருக்கும். எங்க லயத்துல அது பொணந்தான்."

தோட்டத்துக்குத் தோட்டம் இது மாறும். ஓர் இடத்தில் பிணமான பாட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் இன்னும் மாப்பிள்ளை அழைப்புக்கு ஓடிக்கொண்டிருக்கும். எந்தப் பாட்டும் போதுமான காலம் காத்திருந்தால் கீழ்த்தட்டுக்கு வந்து சேரும் என்பது மட்டும் மாறாது. இனி, நான் சொல்ல வந்த சம்பவம்.

சவரிமுத்து இறப்பர் மரத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றவர். கேகாலை மாவட்டத்தில் ஒரு தோட்டத்தின் கீழ் டிவிஷனில், மனைவி மேரியோடு இருந்தார். மகள் ஸ்டெல்லா குவைத்தில் நெடுங்காலம் வீட்டு வேலை செய்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, வீடு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அம்மா அப்பாவின் ஐம்பதாவது கல்யாண நாளை ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் கொண்டாட ஸ்டெல்லா ஏற்பாடு செய்தாள். எதிர் மலையில், மேல் டிவிஷனில், சவரிமுத்துவின் அக்கா அந்தோனியம்மா இருந்தார். அவருக்குச் சொல்லவில்லை. பின்னேரம் ஆட்டோ அனுப்பித் திடீரென்று அழைத்து வருவது ஸ்டெல்லாவின் திட்டம்.

முற்றத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள் போதும் என்று நான் சொன்னேன்.

"ஹோர்னையும் கட்டுங்க நானா. மேல அத்தைக்குக் கேக்கணும். பாட்டக் கேட்டு, என்னடா இதுன்னு யோசிக்கட்டும்" என்றாள்.

பலாமரத்தில் மேல் டிவிஷனைப் பார்த்து ஹோர்னைக் கட்டினேன். காலையில் பெய்த மழை விட்டிருந்தது. இறப்பர் மரங்களுக்கிடையே நின்ற பனிமூட்டமும் கலைந்து எதிர் மலை தெரிந்தது. பாட்டுகளை ஸ்டெல்லா தன் போனில் சேர்த்து வைத்திருந்தாள். அந்தத் தொகுப்புக்கு 'அம்மா அப்பா வெடிங்' என்று பெயர் வைத்திருந்தாள். சவரிமுத்துவை வெள்ளைச் சட்டையில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்தாள். முதல் பாட்டைத் தட்டினாள்.

பந்தலின் ஓரத்தில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த ஒரு பெண் கத்தியைக் கீழே வைத்து முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்தார். இழுத்த பிறகுதான் தான் செய்தது அவருக்கே தெரிந்தது. முந்தானையை இறக்கிவிட்டுச் சவரிமுத்துவைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். நான் அவரிடம் போனேன்.

"என்ன அக்கா?"

"ஒண்ணுமில்லீங்க நானா. கங்காணியார் வூட்டுல இதத்தான் போட்டாங்க. அதுக்குப் பின்னுக்கு மேட்டு லயத்துல அமலோற்பவம் போனப்பவும் இதுதான்."

அந்த இரண்டு சாவுக்கும் வந்தது வேறொரு சவுண்ட்ஸ்; அதனால் எனக்குத் தெரியவில்லை. நான் எதிர் மலையைத் திரும்பிப் பார்த்தேன்.

மேல் டிவிஷன் லயத்தின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆட்கள் வாசலில் வந்து நின்று எங்கள் பக்கம் பார்த்தார்கள். பிறகு உள்ளே போனார்கள். திரும்ப வெளியே வந்தபோது வெள்ளை உடுத்தியிருந்தார்கள். அவர்கள் மாரில் அடித்துக்கொள்வது முதலில் தெரிந்தது. சத்தம் பள்ளத்தாக்கைக் கடந்து சற்றுப் பிந்தி வந்தது.

சவரிமுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தது அவர்களுக்குத் தெரியும். வேறு யாருடைய சாவாக இருக்கும்?

அழுகை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வந்து பார்த்தால் தீர்ந்துவிடும். அவர்கள் எந்த வழியால் வருகிறார்கள் என்று பார்த்தபோதுதான் ஆபத்து தெரிந்தது. மேல் டிவிஷனிலிருந்து கீழே வர இரண்டு வழி. டிராக்டர் ரோடு மலையைச் சுற்றி வரும். குறுக்குப் பாதை பழைய இறப்பர் மலை வழியாக நேரே இறங்கும். அந்த மலையில் நிலம் வெடித்திருந்தது. அரநாயக்கப் பக்கம் மலை சரிந்து ஊர் புதைந்ததைக் கண்ட பிறகு இந்த மாவட்டத்தில் யாரும் வெடிப்பை லேசாக எடுப்பதில்லை. மண்சரிவு ஆபத்து என்று போர்டு நட்டு, சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். வேலைக்குப் போக, கடைக்குப் போக எல்லோரும் ரோட்டால்தான் போனார்கள். சாவுக்கு யாரும் சுற்றி வருவதில்லை. வெள்ளை உடுத்திய ஆட்கள் நாடாவைத் தூக்கிப் பிடித்து, குனிந்து, ஒருவர் பின் ஒருவராகக் குறுக்கில் இறங்கினார்கள். முன்னால் ஒரு சிவப்புக் குடை வந்தது.

ஸ்டெல்லா போனை எடுத்துக்கொண்டு ஓடினாள். "ரிங் போகுது நானா. ஒருத்தரும் எடுக்குறாங்க இல்ல. அந்தப் பாட்ட நிப்பாட்டுங்க!"

என் கை ஸ்விட்ச் வரை போனது. போய் நின்றது.

பாட்டை நிறுத்தினால் அந்த மலைக்குப் பெட்டி தூக்கியாயிற்று என்று அர்த்தம். இப்போது நடப்பவர்கள் ஓடத் தொடங்குவார்கள். ஈர மண்ணில், வெடித்த நிலத்தில். வேறு பாட்டைப் போட்டாலும் பயனில்லை. இளந்தாரிகள் செத்தால் இப்போது புதுப் பாட்டுத்தான் போடுகிறார்கள். மைக்கில் நானே பேசலாம். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் என் குரல் மைக்கில் கேட்பதெல்லாம் மரண அறிவித்தலுக்குத்தான். நான் வாயைத் திறந்தாலே சந்தேகத்தில் இருப்பவர்களுக்கும் உறுதியாகிவிடும்.

மைக்கில் பேச மிச்சம் சவரிமுத்து ஒருவர்தான். ஸ்டெல்லாவுக்கும் அது புரிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் நானா. அப்பாகிட்ட சொல்லாதீங்க. அதிர்ச்சி ஆகவே கூடாதுன்னு டொக்டர் சொன்னாரு. ஹார்ட் தாங்காது."

அவள் சொன்னது நியாயம். மலையில் வந்தவர்களுக்கு ஆபத்து வரலாம், வராமலும் போகலாம். இவருக்கும் அப்படித்தான். ஒருவரைக் காப்பாற்றப் பலரையும், பலரைக் காப்பாற்ற ஒருவரையும் நிறுத்துப் பார்க்க எனக்கு என்ன உரிமை என்று பிறகு யோசித்திருக்கிறேன். அப்போது யோசிக்க நேரமில்லை. அதற்குள் சவரிமுத்துவே அழுகைச் சத்தத்தைக் கேட்டு மேலே பார்த்துவிட்டார்.

"மேட்டு லயத்துல ஒப்பாரி கேக்குது. யாருங்க நானா செத்தது?"

"நீங்கதான்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஹோர்னைப் பார்த்தார். பாட்டைக் காதில் வாங்கினார்.

"எப்ப?"

"இப்பதான். இந்தப் பாட்டுத் தொடங்கினபோது."

மேரி வாயைப் பொத்திக்கொண்டார். சவரிமுத்து எழுந்திருக்காமல் கையை நீட்டினார். பாட்டின் சத்தத்தை மட்டும் குறைத்து, மைக்கைக் கொடுத்தேன்.

"நான் சவரிமுத்து பேசுறேன். நான் நல்லாத்தான் இருக்கேன். யாரும் அழுவ வேணாம்."

குரல் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. அதற்குப் பின்னால் வந்த ஒப்பாரி முன்பைவிட இரண்டு மடங்கு. நடை வேகமானது. எனக்கு விளங்கவில்லை. வெங்காயம் அரிந்த பெண்தான் சொன்னார்.

"அமலோற்பவம் செத்தப்பவும் இப்படித்தாங்க நானா, போன்ல பேசி வச்சிருந்தத மைக்குல போட்டாங்க. அதுவும் இதேதான் சொல்லிச்சி. நான் நல்லாத்தான் இருக்கேன்னு."

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு எல்லாத் தாய் தகப்பனும் போனில் அனுப்புவது அந்த வசனத்தைத்தான். மலையில் இருந்தவர்களுக்கு, செத்தவர் சொல்லக்கூடியது அது ஒன்றே.

நிருபராக இருந்தபோது, ஒருவர் தன்னைப் பற்றி என்ன சொன்னாலும் அதை அப்படியே நம்பாமல், இன்னொருவர் சரிபார்க்கக்கூடிய விஷயம் ஒன்றைக் கேட்டு வாங்குவோம். நான் சவரிமுத்துவின் காதருகில் குனிந்தேன்.

"உங்களப் பத்திச் சொல்லாதீங்க. இப்ப மலையில கண்ணுக்கு என்ன தெரியுதோ அதச் சொல்லுங்க."

அவர் அந்த மலையில் வாழ்நாளெல்லாம் பால் வெட்டியவர். எந்தக் கல் எங்கே என்று தெரியும். கண்ணைச் சுருக்கினார்.

"செவப்புக் கொடய புடிச்சிக்கிட்டு முன்னுக்கு வர்றது எங்க அக்கா. அக்கா, இப்ப கால் வைக்கப் போற பாரு, அந்தக் கல்லு ஆடும். வைக்காத. நில்லு."

சிவப்புக் குடை நின்றது.

பின்னால் வந்த வெள்ளை உருவங்களும் நின்றன. ஒப்பாரி அறுந்தது. அடங்கிய சத்தத்தில் கல்யாணப் பாட்டு மட்டும் ஓடியது.

"பின்னுக்கு யாரு, பிலோமினாவா? இடுப்புல புள்ள வேற. கூறு கெட்டவளே, அங்கன நெலம் வெடிச்சிக் கெடக்குன்னு தெரியாது? பக்கத்துல குந்துறது யாரு? குந்தாத, எந்திரி."

ஓர் உருவம் மண்டியிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டது. கடைசியில் வந்த ஒருவர் திரும்பி மேலே ஓடினார். செத்தவர் சவப்பெட்டியில் கிடந்தபடியே தங்களைப் பார்க்கிறார் என்றுதான் அவர்கள் முதலில் நினைத்ததாகப் பிறகு பிலோமினா சொன்னாள். உயிரோடு இருக்கிறார் என்பது அவர்களுடைய மனதுக்கு அவ்வளவு சுலபமாக வரவில்லை. நானும் அந்த முற்றத்தில் நின்று அவர் பேசுவதைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, அசையாத உடம்பு, மைக்கைப் பிடித்த கை. குரல் அவரிடமிருந்து வருவதாகத் தெரியவில்லை, மரத்திலிருந்து வந்தது.

"திரும்பிப் போங்க. ரோட்டால வாங்க. நான் எங்கயும் போகல. ஆறுதலா வாங்க."

சிவப்புக் குடை திரும்பியது. கடைசி ஆள் நாடாவுக்கு அந்தப் பக்கம் போகும்வரை அவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி ஏற்றிவிட்டார். பிறகு மைக்கை மடியில் வைத்தார். ஸ்டெல்லா அவருடைய மணிக்கட்டை விடவேயில்லை.

அவர்கள் தோட்டத்து டிராக்டரில் வந்து இறங்கினார்கள். எல்லோரும் வெள்ளை. அந்தோனியம்மா நேரே வந்து தம்பியின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். சூடு இருக்கிறதா என்று பார்த்ததாகத்தான் எனக்குத் தெரிந்தது. பிறகு அதே கன்னத்தில் ஒன்று விட்டார்.

"வெள்ளச் சேல கட்ட வச்சிட்டியேடா பாவி."

"கட்டுனது கட்டிட்ட. சாப்புட்டுப் போக்கா. சாவு வூட்டுல இப்புடிக் கோழிச் சோறு கெடைக்காது."

"அத்தை, அது அம்மா அப்பா கல்யாணப் பாட்டு. அதனாலதான் போட்டேன்" என்று ஸ்டெல்லா அழுதாள்.

"நீ குவைத்துக்குப் போகயில கல்யாணப் பாட்டுதான்டி. நீ இல்லாதப்ப நாங்க அதப் போட்டு எத்தனை பேரப் பொதைச்சோம் தெரியுமா?" என்றார் அந்தோனியம்மா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்கப்பா பேசுனத நான் நம்பலடி. கல்லு ஆடும்னு சொன்னான் பாரு, அப்பத்தான் கொஞ்சம் நம்புனேன்."

குறுக்குப் பாதை அன்று சரியவில்லை. இன்றுவரை சரியவில்லை. அதனால் சவரிமுத்துவிடம் உண்மையைச் சொன்ன என் முடிவு தேவையற்றது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அந்த முற்றத்தில் நின்று நாடாவுக்குக் கீழே ஆட்கள் குனிந்து வருவதைப் பார்க்கவில்லை. தம்பிமாரே, ஒரு தோட்டத்துக்குப் புதிதாகப் போனால் மெஷினைத் தட்டுவதற்கு முன் அங்கே கடைசியாக யார் போனார், என்ன பாட்டுப் போட்டார்கள் என்று கேளுங்கள். அதை வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளையிடம் கேட்காதீர்கள். வெங்காயம் அரிபவரிடம் கேளுங்கள். ஸ்விட்சை அணைப்பதும் ஓர் அறிவித்தல் என்பதை மறக்காதீர்கள்.

அடுத்த மழைக்காலத்தில் சவரிமுத்து நித்திரையிலேயே போய்விட்டார். விடிந்ததும் ஸ்டெல்லா எனக்குப் போன் எடுத்தாள். நான் போய் அதே பலாமரத்தில் ஹோர்னைக் கட்டினேன். எந்தப் பாட்டு என்று கேட்டேன். ஸ்டெல்லா தாயைப் பார்த்தாள். மேரிதான், "அதையே போடுங்க நானா. அவருக்குப் புடிச்சது" என்றார்.

போட்டேன். எதிர் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேல் டிவிஷன் கதவுகள் திறந்தன. ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். அங்கேயே நின்றார்கள். யாரும் உள்ளே போகவில்லை, உடை மாற்றவில்லை, அழவில்லை. பாட்டு முடிந்து மறுபடி தொடங்கியது. பெட்டி வந்துவிட்டது. பாதரும் வரப்போகிறார். மலையில் ஒரு சத்தமும் இல்லை.

நான் ஆட்டோவை எடுத்துக்கொண்டு ரோட்டால் சுற்றி மேலே போனேன்.

அந்தோனியம்மா லயத்து வாசலில் ஒரு முக்காலியில் ஹோர்ன் இருந்த பக்கம் முகத்தை வைத்து உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சேலை மடித்தபடி மடியில் இருந்தது. பிலோமினாவும் மற்றவர்களும் பின்னால் நின்றார்கள்.

"அக்கா, தம்பி போயிட்டார். மையத்த என் கண்ணால பார்த்துட்டுத்தான் வாறேன்" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பாமல், சத்தம் போடாதே என்பதுபோல் கையை உயர்த்தினார்.

"இருங்க நானா. அவன் இன்னும் பேசல."